மார்ச் சேறு முதல் ஜூன் ஸ்ட்ராபெரி வரை: டொராண்டோவில் பிள்ளைகளோடு முதல் வசந்தம்

நாங்கள் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். எட்டாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. "கொஞ்சம் வெயில் வரட்டும், அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம்" என்று நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொண்டோம். வெயிலும் வந்தது, மே கடைசியில். அதற்குள் நீச்சல் வகுப்பில் இடம் தீர்ந்திருந்தது, கோடை முகாம்களும் நிரம்பிவிட்டன, ஹை பார்க்கில் செர்ரிப் பூ பூத்துக் கொட்டியும் போய்விட்டது.

இந்த ஊரில் வெயிலுக்காகக் காத்திருக்கிறவர்களுக்குப் பாதிக் கோடைதான் கிடைக்கும். கோடைக்கு இடம் பிடிப்பது பனிக்காலத்தில். வெளியே கிளம்புவது சேறு காய்வதற்கு முன்னால். இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அது வீணாக வேண்டாம் என்றுதான் இதை மாத வரிசையில் எழுதுகிறேன். நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கிற, கார் இன்னும் வாங்காத வீட்டை மனதில் வைத்து எழுதியது. கார் இருந்தால் இன்னும் சுலபம்.

பனி கிடக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் நூலக அட்டை. டொராண்டோ பொது நூலகத்துக்கு ஊர் முழுக்க 100 கிளைகள் இருக்கின்றன. ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு அட்டை இலவசம். அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று இரண்டு தாள் கொண்டுபோனால் போதும். தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த அட்டையை வைத்து ஆகா கான் அருங்காட்சியகம், பாட்டா காலணி அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குக் குடும்பத்தோடு போக இலவச அனுமதிச் சீட்டை இணையத்தில் எடுக்கலாம். சீட்டு சீக்கிரம் தீரும். இன்று இல்லையென்றால் விட்டுவிடாமல் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது நகராட்சியின் பொழுதுபோக்கு வகுப்புகளுக்கான கணக்கு. நீச்சல், ஸ்கேட்டிங், கோடை முகாம் எல்லாவற்றுக்கும் பதிவு இதன் வழியாகத்தான். வட்டாரவாரியாக நாள் குறித்து, அன்று காலை 7 மணிக்குத் திறப்பார்கள். முதல் வருஷம் நான் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு 7:20-க்கு உட்கார்ந்தேன். காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயராக மகன் பெயர் ஏறியது. இப்போது எப்படி என்றால், முந்தின வாரமே கணக்கைத் திறந்து, பிள்ளைகளின் பிறந்த தேதியைச் சரிபார்த்து, வேண்டிய வகுப்புகளின் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். 6:55-க்கு நான் ஒரு கணினியில், வீட்டுக்காரர் ஒரு கணினியில். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை.

வந்த புதிதில் வருமானம் குறைவாக இருப்பது சகஜம். நகராட்சியில் 'வெல்கம் பாலிசி' என்று ஒரு கட்டண உதவி இருக்கிறது. விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகும் என்பதால் பதிவு நாளுக்கு வெகு முன்னாலேயே போட்டுவிடுங்கள். சில சமூக மையங்களில் வகுப்புகளே இலவசம். இதையெல்லாம் கேட்க வெட்கப்பட வேண்டாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் குடியிருப்பவர்கள் அந்தந்த ஊர் நகராட்சியில் பதிய வேண்டும், தேதிகளும் வேறு.

பழைய வழிகாட்டிகளில் ஒன்டாரியோ அறிவியல் மையத்துக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். டான் மில்ஸ் சாலையில் இருந்த அந்தக் கட்டடத்தை 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

உடுப்பு விஷயம்

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். மறுநாளிலிருந்து மாலை ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்ததும் கோடை வந்துவிட்டதென்று நான் குளிர்ச் சட்டைகளைத் துவைத்துப் பெட்டியில் கட்டினேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா பார்த்துவிட்டு, "ஐயோ, இப்பவே கட்டி வைக்காதேங்கோ. இன்னும் ஒருக்கா கொட்டும்" என்றார். ஏப்ரல் முதல் வாரம் கொட்டியது.

சித்திரை பிறந்தாலும் இங்கே மரத்தில் இலை பிறக்காது. அதனால் ஏப்ரல் கடைசி வரை மூன்று அடுக்காக உடுத்திவிடுங்கள்: உள்ளே ஒரு முழுக்கைச் சட்டை, மேலே கம்பளி மாதிரி ஒன்று, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். மதியம் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நாலு மணிக்கு மேல் திரும்ப மாட்டலாம். இதைவிட முக்கியம் ரப்பர் பூட்ஸ். பனி உருகின தண்ணீர் புல்தரையில் நின்று முழுக்கச் சேறாகிவிடும். பள்ளியில் மதிய இடைவேளைக்கு அந்தச் சேற்றில்தான் பிள்ளைகளை விடுவார்கள். பூட்ஸ் புதிதாக வாங்கத் தேவையில்லை, பழைய சாமான் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். ஒரு வருஷத்தில் கால் வளர்ந்துவிடும்.

இன்னொன்று. வெளியே எங்கே போனாலும் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூங்காக்களில் பல கழிப்பறைகளைக் குளிர்காலம் முழுக்க மூடி வைத்து, மே வாக்கில்தான் திறப்பார்கள். ஐந்து வயதுப் பையனோடு ஏப்ரல் மாதம் பூட்டிய கதவின் முன்னால் நின்றவள் சொல்கிறேன்.

மார்ச்: மரத்தில் சொட்டும் இனிப்பு

மார்ச் நடுவில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை, மார்ச் பிரேக் என்பார்கள். இந்தச் சமயத்தில் மேப்பிள் தோப்புக்குப் போவதுதான் என்னைக் கேட்டால் இந்த ஊரின் முதல் உருப்படியான உலா. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து, பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறினால்தான் மேப்பிள் மரத்தில் நீர் ஓடும். அந்த இரண்டுங்கெட்டான் வானிலை சில வாரங்கள்தான் நீடிக்கும். மொட்டு வெடித்தால் நீரின் சுவை கெட்டுவிடும், அத்தோடு பருவம் முடிந்தது. வான் (Vaughan) என்ற ஊருக்குப் பக்கத்தில் கார்ட்ரைட் மையமும், ஸ்டஃப்வில் பக்கம் புரூசஸ் மில்லும் நமக்குக் கிட்டே இருப்பவை. இரண்டுக்கும் கார் இருந்தால்தான் தோது. இல்லையென்றால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள்.

அம்மா அந்த வருஷம் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்திருந்தார். உடன்குடிப் பக்கத்துக்காரர், பனங்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவர். தோப்பில் ஒரு மரத்தில் மகனின் நெஞ்சு உயரத்துக்குத் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் செருகி, கீழே தகர வாளி தொங்கவிட்டிருந்தார்கள். குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நடுங்கி, வாளியில் 'டக்' என்று விழுந்தது. அடுத்த சொட்டு திரளும் வரை மகன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ருசி பார்க்க ஆளுக்கு ஒரு மிடறு கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது, விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு இனிப்பு. அந்த நீர் 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகள் கண்டுபிடித்து வைத்திருந்த வித்தை இது.

காய்ச்சுகிற கொட்டகைக்குள் நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். "இது நம்ம பதனி காய்ச்சுத வாசனைல்லா!" அப்புறம் வாளியைத் திரும்பிப் பார்த்தார். "அங்க உசிரக் கையில பிடிச்சுக்கிட்டுப் பனை ஏறணும். இங்க நின்ன இடத்துல ஓட்டை போட்டாப் போதுமாக்கும்" என்று மரத்தைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார். ஊரிலும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான் பதனி இறங்கும். பாட்டி பேரனுக்குக் கருப்பட்டிக் கதை சொல்ல ஆரம்பித்து, கார் வீடு வந்து சேரும் வரை முடியவில்லை. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால் இந்த ஓர் உலாவை மட்டும் தவறவிடாதீர்கள்.

விடுமுறை வாரத்தில் கூட்டம் நெரியும். அதற்கு முந்தின அல்லது பிந்தின சனிக்கிழமை காலையில், திறந்த உடனே போய்விடுவது நல்லது. தரை முழுக்கச் சேறும் உறைபனியும் கலந்து கிடக்கும், பாட்டிக்கும் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல்

ஏப்ரல் மாதம் மழையும் குளிரும்தான். அடம் பிடித்து வெளியே போக வேண்டியதில்லை. புத்தாண்டுக்குக் கோயில், மழை நாளில் நூலகம், கையில் சீட்டு இருந்தால் அருங்காட்சியகம். ஒன்டாரியோ கலைக்கூடத்தில் 25 வயது வரை உள்ளவர்களுக்கு அனுமதி இலவசம், பெரியவர்களுக்குத்தான் கட்டணம். நகரப் போக்குவரத்தான டிடிசி பஸ்ஸிலும் சப்வேயிலும் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு பேர் கட்டணத்தில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகலாம்.

செர்ரிப் பூ: காரை வீட்டிலேயே விடுங்கள்

1959-இல் டோக்கியோ மக்கள் சார்பாக ஜப்பானியத் தூதர் இந்த ஊருக்கு 2,000 செர்ரி மரங்களைக் கொடுத்தார். போருக்குப் பின் இடம்பெயர்ந்து வந்த ஜப்பானியக் கனடியர்களை டொராண்டோ ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக. ஹை பார்க்கில் இன்று பூப்பது அந்த வழியில் வந்த மரங்கள். ஏப்ரல் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் பூக்கலாம். முழுதாகப் பூத்தால் நாலு நாளிலிருந்து பத்து நாள் வரை நிற்கும். ஒரு பெருங்காற்று அடித்தால் அதுவும் இல்லை. அதனால் 'அடுத்த சனிக்கிழமை' என்று நாள் குறிப்பது வீண். பூவின் நிலவரத்தை இணையத்தில் தினமும் சொல்வார்கள். முழுப் பூப்பு என்று வந்ததும் வார நாளாக இருந்தாலும் பள்ளி விட்டதும் கிளம்பிவிடுங்கள். அப்போதெல்லாம் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இரண்டாம் வருஷம் நண்பரின் காரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். பூ உச்சத்தில் இருக்கும்போது பூங்காவுக்குள் கார் விடமாட்டார்கள் என்பது தெரியாது. சுற்றுத் தெருக்களில் நிறுத்த இடம் தேடி ஒன்றேகால் மணி நேரம். பின் சீட்டில் மகள் வாந்தி எடுத்தாள். பூவைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த வருஷம் கென்னடி நிலையத்தில் இரண்டாம் வழித்தட ரயில் ஏறி, மாறாமல் கொள்ளாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தோம். காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தால் படம் எடுக்கவும் இடம் கிடைக்கும், மூச்சு விடவும் இடம் கிடைக்கும்.

கிளையை வளைப்பதும் மரத்தில் பிள்ளையை ஏற்றிப் படம் எடுப்பதும் வேண்டாம். நம்மவர்கள் சிலர் செய்கிறார்கள், பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கூட்டமே ஆகாது என்றால் டவுன்டவுனில் ரோபார்ட்ஸ் நூலகத்தின் வெளியிலும் டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவிலும் இதே பூ உண்டு.

மே: ரூஜ் காட்டு நடை, உண்ணி

ஸ்கார்பரோவின் கிழக்கு ஓரத்தில் நம் வாசலிலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 2015-இல் அமைந்தது, கனடாவிலேயே இந்த வகையில் முதலாவது. நுழைவுக் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து கிளம்பும் விஸ்டா பாதை சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது, வழியில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். மே முதல் இரண்டு வாரங்களில் போனால் மரங்களுக்கு அடியில் மூன்று இதழில் வெள்ளையாக டிரில்லியம் பூத்திருக்கும். ஒன்டாரியோவின் மாகாணப் பூ அது. விதையிலிருந்து பூக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று மகளிடம் சொன்னேன். "அப்போ இது என்னோட செட்டு" என்றாள், அவளுக்கு அப்போது எட்டு வயது. பறிக்கக் கூடாது என்று அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை.

இனி உண்ணி. ஊரில் நாய் காதில் பார்த்திருப்போமே, அதன் சொந்தக்காரன்தான். இங்கே உள்ள கருங்கால் உண்ணி லைம் என்ற நோயைப் பரப்பும், ரூஜ் பகுதியில் அது இருக்கிறது. வெப்பம் 4 டிகிரியைத் தாண்டினாலே நடமாட ஆரம்பித்துவிடும். பயந்து வீட்டுக்குள் இருக்க வேண்டாம், இந்த வரிசையில் செய்தால் போதும்.

போகும்போது வெளிர் நிற முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பார்க்கக் கோமாளி மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை. பூச்சி விரட்டியை வாங்கும்போது எந்த வயதுப் பிள்ளைக்குப் போடலாம் என்று டப்பாவில் பாருங்கள். பாதையின் நடுவில் நடக்க வேண்டும், உயரமான புல்லுக்குள் பந்து போனால் எடுக்க ஓடவிடக் கூடாது. மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக இருக்கிற செடியைத் தொடவும் கூடாது. அது பாய்சன் ஐவி என்கிற நச்சுச் செடி, தோல் கொப்பளித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள், ஒட்டிக்கொண்டு வந்தது செத்துவிடும். பிறகு பிள்ளைகளைக் குளிக்க வைத்து அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரியும். மகளின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி. கசகசா அளவுதான். மச்சம் என்று விட்டிருப்பேன், உற்றுப் பார்த்தால் மச்சத்துக்குக் கால் இருந்தது.

எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாம். கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டி அதன் தலையைப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒட்டி 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வரும் வாய்ப்பு குறைவு. எடுத்ததை எறியாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தேதி எழுதி மருந்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒன்டாரியோவில் உண்ணிக் கடிக்குத் தடுப்பு மருந்து எழுதித்தர மருந்தாளருக்கே அனுமதி உண்டு. பிள்ளையின் வயதுக்கு அது பொருந்துமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்பதை அவரே சொல்வார். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் ரூஜுக்கு இருபது முறையாவது போயிருப்போம்.

மே மாதம் வாத்துக் குஞ்சுகளும் வரும். கனடா வாத்து குஞ்சோடு இருந்தால் கிட்டே போகாதீர்கள், பாம்பு மாதிரி சீறிக்கொண்டு துரத்தும்.

விக்டோரியா தின வார இறுதி

மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை விக்டோரியா தினம். கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பாலும் தயிரும் முந்தின நாளே வாங்கி வையுங்கள். இரவில் ஏரிக்கரையில் வாணவேடிக்கை உண்டு. உறைபனி பயம் இந்த வாரத்தோடு போய்விடும் என்று இங்கே தோட்டம் போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை இதற்குப் பிறகுதான் வெளியே நட வேண்டும். பால்கனித் தொட்டியே போதும். பிள்ளைக்கு ஒரு தொட்டி என்று கொடுத்துவிட்டால் ஜூலை வரை காலையில் எழுப்ப வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. கறிவேப்பிலைக்கு இன்னும் பொறுக்க வேண்டும், இரவிலும் 10 டிகிரிக்குக் கீழே போகாத நாள் வந்தால்தான் அது வெளியே வரலாம்.

ஜூன்: தண்ணீர்

கோடையில் பெற்றோருக்கு இந்த ஊர் தரும் பெரிய சலுகை ஸ்பிளாஷ் பேட். தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், பிள்ளைகள் நனைந்து ஓடுவார்கள், ஒரு காசு கிடையாது. ஒரு துண்டு, மாற்றுடை, ஈரத்தில் வழுக்காத செருப்பு இருந்தால் போதும். விக்டோரியா தினத்தை ஒட்டியே பல இடங்களில் திறந்துவிடுவார்கள். திறந்தவெளி நீச்சல் குளங்கள் ஜூனில், பள்ளி முடியும் சமயத்தில். அங்கே பொது நீச்சலும் இலவசம், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து போன் பார்க்க முடியாது.

ஏரியைப் பார்த்தால் கடல் மாதிரிதான் இருக்கும், நம்பிவிடாதீர்கள். ஜூன் தொடக்கத்தில் மேலே 28 டிகிரி வெயில் அடித்தாலும் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். உயிர்காப்பாளர் நிற்கும் கரையில், அவர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். தண்ணீரின் தரத்தைக் கோடையில் தினமும் சோதித்து வெளியிடுகிறார்கள், பெருமழை பெய்த மறுநாள் குளிக்க வேண்டாம். ஸ்கார்பரோ ப்ளஃப்ஸ் மலைமுகட்டின் விளிம்பில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். களிமண்ணும் மணலுமான சரிவு அது, காலடியில் பெயர்ந்துவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே படம் அழகாக வரும்.

டொராண்டோ தீவுகளுக்கு பே தெருவின் கடைசியில் உள்ள ஜாக் லேட்டன் முனையத்தில் படகு ஏற வேண்டும். பதினைந்து நிமிஷப் பயணம். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், திரும்பி வரத் தனியாக எடுக்க வேண்டியதில்லை. மூன்று துறைகளுக்குப் படகு போகும், பிள்ளைகளோடு போகிறவர்கள் சென்டர் ஐலண்ட் படகைப் பார்த்து ஏறுங்கள். ராட்டினங்கள் அங்கேதான், ஆடு கோழி பார்க்கிற இலவசப் பண்ணையும் அங்கேதான். ஹான்லன்ஸ் பாயிண்ட் படகில் கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிட்டது எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அங்கே உள்ள கரையின் ஒரு பகுதி உடையில்லாமல் வெயில் காய விரும்புகிறவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தபடியே, ஒன்றும் பேசாமல் வந்த வழியே திரும்பி நடந்தாராம்.

காலை பத்து மணிக்கு முன்னால் படகுத்துறையில் இருங்கள். வெயில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வரிசையில் நிற்பது திருப்பதி தர்ம தரிசனம்தான், ஜருகண்டி சொல்லத்தான் ஆள் இல்லை.

சன்ஸ்கிரீன் பற்றி ஒரு வார்த்தை. "நாமதான் கறுப்பாச்சே, நமக்கு எதுக்கு" என்பதை எல்லார் வீட்டிலும் கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். கறுத்த தோலும் கருகும். வானிலைச் செயலியில் யூவி எண் (புற ஊதாக் கதிரின் அளவு) 3-ஐ எட்டினாலே எஸ்பிஎஃப் 30 பூசுங்கள், தண்ணீரிலிருந்து ஏறியதும் திரும்பப் பூசுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பூசக் கூடாது, நிழலும் தொப்பியும்தான்.

கூட்டாகப் போனால்

பூங்காவில் 25 பேருக்கு மேல் கூடிச் சாப்பிடுவதென்றால் நகராட்சி அனுமதி வாங்க வேண்டும். நாலு குடும்பம், பாட்டி தாத்தா, பிறந்தநாள் என்று சேர்ந்தாலே எண்ணிக்கை தாண்டிவிடும். நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும், மே மாதமே கேட்டு வையுங்கள். மாகாணப் பூங்காக்களுக்குக் காரில் போவதானால் பகல் அனுமதியை ஐந்து நாள் முன்பிருந்து இணையத்தில் எடுக்கலாம். சிபால்ட் பாயிண்ட், டார்லிங்டன் இரண்டும் நமக்குக் கிட்டே.

அடுத்தவர் காரில் ஏறும்போது, "பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பது இங்கே செல்லாது. எட்டு வயதாகும் வரை, அல்லது 145 சென்டிமீட்டர் உயரமோ 36 கிலோ எடையோ எட்டும் வரை, பூஸ்டர் இருக்கை வேண்டும். இன்னும் சின்னப் பிள்ளைக்கு முழு இருக்கை. நம்முடையதை நாமே தூக்கிக்கொண்டு போவதுதான் மரியாதை. சைக்கிள் எடுத்துப் போனால் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

சாப்பாட்டுக்கு நான் கண்ட வழி புளியோதரையும் தயிர் சாதமும்தான், வேறு எதுவும் எங்கள் வீட்டில் தேறவில்லை. மே மாதம் வரை பிளாஸ்க்கில் சூடாக ரசம். கரண்டி எடுக்க மறப்பது வருஷா வருஷம் நடக்கிறது.

பள்ளி முடியும் வாரம்

ஜூன் கடைசி வாரம் பள்ளி முடியும். அந்தச் சமயம் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும், பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள். கனமான திரைச்சீலை ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை.

அதே வாரங்களில்தான் ஸ்ட்ராபெரி பழுக்கும். ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை நிற்கும். மார்க்கம், ஸ்டஃப்வில், பிக்கரிங் பக்கம் நாமே பறித்து எடை போட்டு வாங்குகிற பண்ணைகள் இருக்கின்றன. முந்தின நாள் பண்ணையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள், மழை பெய்திருந்தால் மூடியிருப்பார்கள், கூட்டம் அதிகமாகப் பறித்துவிட்டால் ஒரு நாள் பழுக்க விடுவார்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் வெயிலும் இல்லை, பழமும் குளிர்ந்திருக்கும். பழத்தைப் பிடித்து இழுக்காமல், காம்பை நகத்தால் கிள்ளி எடுக்கக் கற்றுக்கொடுங்கள், செடி பிழைக்கும். காம்புப் பக்கம் வரை சிவந்த பழமாகப் பறிக்க வேண்டும். காம்புப் பக்கம் வெள்ளையாக இருக்கும்போது பறித்தது வீட்டில் வைத்தால் பழுக்காது.

பறிக்கும்போதே தின்னலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள், பண்ணைக்குப் பண்ணை வழக்கம் வேறு. நாங்கள் போன இடத்தில் ஒன்றிரண்டு தின்னலாம் என்றார்கள். வரிசையின் மறுகோடியிலிருந்து மகன் வந்தபோது கூடையில் நாலே பழம் இருந்தது. போட்டு அனுப்பியது வெள்ளைச் சட்டை, அதையும் துவைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. கறுப்பு போட்டுவிடுங்கள்.